பாஸ்டன் 54ஆம் ரெஜிமென்ட் நினைவுச்சின்னம்: பேருந்திலிருந்து பார்க்காதீர்கள், இறங்கிப் பின்பக்கம் போங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் பாஸ்டனில் இருக்கும் நாமெல்லாம் கூட்டிப் போகிற இடங்கள் தெரிந்தவைதான். ஹார்வர்ட், மீன் காட்சியகம், துறைமுகத்தில் ஒரு படகுச் சவாரி. முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். கூடவே ஒரு சுற்றுலாப் பேருந்துக்கும் டிக்கெட் எடுத்தேன். பீக்கன் தெருவில் தங்கக் குவிமாடம் வைத்த மாநில ஆட்சிமன்றக் கட்டடத்தைக் காட்டி ஐந்து நிமிடம் பேசிய வழிகாட்டி, அதற்கு நேர் எதிரே இருந்த பெரிய வெண்கலச் சிற்பத்துக்கு ஒரே வரிதான் கொடுத்தார். உள்நாட்டுப் போரில் இறந்த ஒரு கர்னலின் நினைவுச்சின்னமாம். வண்டி நகர்ந்துவிட்டது. அப்பா ஜன்னல் வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, குதிரை மேல இருக்கிறவர் கர்னல், சரி. கீழ அத்தனை பேர் நடந்து போறாங்களே, அவங்க யாரு?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், வாரத்துக்கு இரண்டு நாளாவது அந்த வழியாகப் போகிறேன், ஆனாலும் தெரியவில்லை.

அப்பா 22 வருடம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. போன கோடையில் அவர் மறுபடி வந்தபோது, பேருந்தெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்து, தேசியப் பூங்காச் சேவையின் ரேஞ்சர்கள் நடத்துகிற கறுப்பின வரலாற்றுப் பாதை நடைக்குப் போனோம். இது அந்த நடையைப் பற்றியும் அந்த நினைவுச்சின்னத்தைப் பற்றியும் நான் எழுதுகிற விமர்சனம்.

முதலில் நடைமுறை விஷயங்கள். நடை இலவசம். நினைவுச்சின்னத்துக்கு முன்னால்தான் தொடங்குகிறது, அங்கிருந்து பீக்கன் ஹில் சந்துகள் வழியாக ஏறி இறங்கி ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ் என்ற பழைய மண்டபம் வரை போகிறது. மொத்தம் ஒன்றரை மைல் சொச்சம், நின்று நின்று கேட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ரேஞ்சர் நடை கோடையில்தான் ஒழுங்காக நடக்கிறது, நேரமும் மாறும், அதனால் போவதற்கு முன் பார்த்துவிட்டுப் போங்கள். செங்கல் பாவிய நடைபாதை பல இடங்களில் மேடும் பள்ளமுமாக இருக்கும், மூட்டுவலிக்காரர்கள் இருந்தால் நினைவுச்சின்னத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அம்மா அப்படித்தான் செய்தார், எதிரே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். செருப்பில் போகாதீர்கள்.

எங்களுக்கு வந்த ரேஞ்சர் ஓர் இளம்பெண். நாங்கள் பதினைந்து பேர் இருப்போம். அவர் தேதியையோ போரையோ முதலில் தொடவில்லை. "இந்தச் சிற்பத்தில் எத்தனை முகம் தெரிகிறது என்று இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். அந்த இரண்டு நிமிடம்தான் அன்றைய நாளின் முக்கியமான நேரம் என்று இப்போது தோன்றுகிறது.

சிற்பத்தை நீங்களும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இது தனிச்சிலை கிடையாது, சுவரோடு ஒட்டிய புடைப்புச் சிற்பம், ஆனால் குதிரையும் கர்னலும் முழு உருவமாகவே வெளியே வந்து நிற்கிறார்கள். குதிரைக்கு முன்னும் பின்னும் வரிசை வரிசையாகக் கறுப்பின வீரர்கள், எல்லோரும் வலப்பக்கம் நோக்கி நடக்கிறார்கள். முன்னால் ஒரு சிறுவன் முரசோடு போகிறான். மேலே தேவதை போல ஒரு பெண் உருவம் பறக்கிறது, கையில் கசகசாப் பூ, அது சாவுக்கும் உறக்கத்துக்கும் அடையாளமாம். எனக்கு அந்தத் தேவதை பெரிதாகப் படவில்லை. முகங்கள்தான் பிடித்து நிறுத்தின. ஒருவருக்கு நரைத்தது போன்ற அடர்ந்த தாடி, பக்கத்தில் இருப்பவனுக்கு மீசை கூட அரும்பவில்லை. ஒருவர் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, இன்னொருவருக்குத் தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரே அச்சில் வார்த்த முகம் ஒன்று கூட இல்லை. தோளில் துப்பாக்கிகள் ஒரே சாய்வில், ஆனால் ஒவ்வொருவர் தொப்பி நசுங்கியிருப்பதும் ஒவ்வொரு விதம்.

அப்பா பார்த்தது வேறு. முதுகுச் சுமை மேல் சுருட்டிக் கட்டிய கம்பளி, இடுப்பில் தொங்குகிற தண்ணீர்க் குடுவை, முழங்கால் பின்னால் கால்சட்டை மடிந்திருக்கிற விதம். "நிறைய நடந்தவன் கால்சட்டைதான் இப்படி மடியும்" என்று மெல்லச் சொன்னார். அப்புறம் கால்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-கோடன்ஸ். 1884இல் ஒப்பந்தம் ஆகி, 1897 மே 31 அன்றுதான் திறந்தார்கள். முதலில் அவர் வைக்க நினைத்தது கர்னலின் குதிரைச் சிலையை மட்டும்தான். கர்னல் ராபர்ட் கூல்ட் ஷாவின் குடும்பத்தார்தான் அதை மறுத்திருக்கிறார்கள். பெரிய தளபதிகளுக்கு வைக்கிற மாதிரிச் சிலை 25 வயதுப் பையனுக்கு எதற்கு என்பது அவர்கள் எண்ணம். அதன் பிறகுதான் வீரர்கள் சிற்பத்துக்குள் வந்தார்கள். வந்த பிறகு சிற்பி அவர்களை விடவில்லை. நியூயார்க்கில் கறுப்பின மனிதர்களைத் தேடிப் பிடித்து, கூலி கொடுத்து உட்கார வைத்து, சுமார் 40 தலைகளைக் களிமண்ணில் செய்து பார்த்து, அதில் தேறியவற்றைத்தான் சிற்பத்தில் சேர்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கறுப்பின மனிதனைச் சிற்பமாகச் செய்தார்கள் என்றால் பெரும்பாலும் யாருடைய காலடியிலாவது சங்கிலியோடு மண்டியிட்டு இருப்பான். இங்கே சீருடையோடு, துப்பாக்கியோடு, கர்னல் போகிற அதே திசையில் நடக்கிறான்.

சரி, இவர்கள் யார். அடிமை முறையைக் கைவிட மறுத்துப் பிரிந்த தென் மாநிலங்களோடு வட மாநிலங்கள் நடத்திய அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் போரிட்ட மாசசூசெட்ஸ் 54ஆவது காலாட்படை ரெஜிமென்ட். 1863 ஜனவரி 1 அன்று லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த உடனே, இந்த மாநில ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ கறுப்பின வீரர்களைக் கொண்டு ஒரு படை எழுப்ப அனுமதி வாங்கினார். மாசசூசெட்ஸில் மட்டும் ஆள் போதவில்லை, பல மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். அடிமையாக இருந்து தப்பி வந்து மேடைகளில் முழங்கிய ஃபிரடெரிக் டக்ளஸ், ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார், தன் மகன்களில் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார். அதிகாரிகள் மட்டும் வெள்ளையர்கள். 1863 மே 28 அன்று இதே பீக்கன் தெரு வழியாக, இதே ஆட்சிமன்றக் கட்டடத்தின் முன்னால் அணிவகுத்து, அன்றே கப்பல் ஏறினார்கள். சிற்பத்தில் இருப்பது அந்த நாள்தான். நீங்கள் நிற்கிற அதே தெருவில்தான் அந்த ஊர்வலம் போனது.

ஏழு வாரம் கழித்து, ஜூலை 18 மாலை, தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய மோரிஸ் தீவில் வாக்னர் கோட்டையைத் தாக்கினார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு, நடுவில் ஒடுங்கிய மணல்தான் வழி. 54ஆவது படைதான் முதலில் போனது. போனவர்கள் சுமார் 600 பேர், அதில் 270க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், காயப்பட்டார்கள், பிடிபட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். கர்னல் ஷா கோட்டைச் சுவர் மேலேயே சுடப்பட்டு இறந்தார். எதிரிகள் அவரை அவருடைய கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள், அது அவருக்கு அவமானம் என்று நினைத்து. பிறகு உடலைத் தோண்டி எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது அவருடைய அப்பா வேண்டாம் என்றார், தன் வீரர்களோடு கிடப்பதைவிட நல்ல இடம் அவனுக்கு இல்லை என்று. அந்தக் கோட்டை இருந்த மண்ணைக் கடல் அரித்துத் தின்றுவிட்டது. இன்றைக்கு அங்கே போய் ஒரு பூ வைக்க இடம் கிடையாது.

கொடிக்காரன் விழுந்ததும் கொடியைத் தூக்கியவர் சார்ஜென்ட் வில்லியம் கார்னி. வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். உடம்பில் குண்டுகள் பாய்ந்த பிறகும் கொடியைத் தரையில் படவிடாமல் மணலில் தவழ்ந்தும் நடந்தும் திரும்பக் கொண்டுவந்தார். அதற்கான பதக்கம் அவருக்கு 1900இல் வந்தது. 37 வருடம் கழித்து.

இதையெல்லாம் ரேஞ்சர் சொல்லிக்கொண்டு வந்தார், நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். சம்பளக் கதை வந்த இடத்தில் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். சேரும்போது இவர்களுக்குச் சொன்ன சம்பளம் வெள்ளை வீரர்களுக்கு உள்ள அதே 13 டாலர். கொடுக்க வந்தது 10 டாலர், அதிலும் உடுப்புக்கு என்று 3 டாலரைப் பிடித்துக்கொண்டு கையில் 7. வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மாசசூசெட்ஸ் அரசு குறைகிற பணத்தைத் தான் போட்டுத் தருவதாகச் சொன்னது, அதையும் வாங்கவில்லை. கருணையாக வருகிற பணம் வேண்டாம், சம்பளமாக, சமமாக வர வேண்டும் என்றார்கள். 18 மாதம் ஒரு பைசா வாங்காமல் சண்டை போட்டார்கள்.

"பதினெட்டு மாசமா?" என்றார் அப்பா. "வீட்டுக்கு என்ன அனுப்பினாங்க, கேளு."

கேட்டேன். ரேஞ்சருக்கு அந்தக் கேள்வி பிடித்திருக்க வேண்டும், குழுவை நிறுத்தி எல்லோருக்கும் சொன்னார். ஒன்றும் அனுப்பவில்லை, அதனால் குடும்பங்கள் தர்மசத்திரத்தில் போய் நிற்கிற நிலைமை வந்தது. அந்தப் படையில் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் என்று ஒரு கார்ப்பரல் இருந்தார். 1863 செப்டம்பரில் நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் வீரர்களா, கூலியாட்களா என்பதுதான் அதில் அவர் கேட்ட கேள்வி. நாடாளுமன்றம் சம ஊதியத்துக்குச் சட்டம் போட்டது 1864 ஜூனில், பணம் கையில் வந்தது அந்த இலையுதிர் காலத்தில். கூடிங் அதற்குள் ஃபுளோரிடாவில் நடந்த ஒரு சண்டையில் பிடிபட்டு, ஜூலையில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துவிட்டார். அப்பா அதற்கு மேல் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. மாதச் சம்பளத்தில் மணியார்டர் அனுப்பித்தான் எங்களை வளர்த்தவர்.

இப்போது நினைவுச்சின்னத்தின் குறைக்கு வருகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் இந்த இடத்தைப் பற்றி எழுதுவது சரியில்லை. முன்பக்கம் லத்தீனில் ஒரு வரி இருக்கிறது, குடியரசைக் காக்க அவன் எல்லாவற்றையும் துறந்தான் என்பது போலப் பொருள். அவன் என்று ஒருமையில்தான். அது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்பக்கம் போனால், 1897இல் வெட்டிய நீண்ட வாசகம் இருக்கிறது. வெள்ளை அதிகாரிகள் இழிவாகக் கருதப்பட்ட, போரில் சோதிக்கப்படாத இனத்தாரோடு தங்கள் தலைவிதியைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அது தொடங்குகிறது. கறுப்பின வீரர்களைப் பற்றியும் நல்லபடியாகவே சொல்கிறது, 18 மாதம் சம்பளமில்லாமல் இருந்ததையும் பிடிபட்டால் அடிமையாக்கப்படுவார்கள் என்று தெரிந்தே போனதையும் மறைக்கவில்லை. அதை மதிக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தக் கல்லில் பெயர் வெட்டியது இறந்த வெள்ளை அதிகாரிகளுக்கு மட்டும். வாக்னர் கோட்டையில் உயிர் விட்ட 64 கறுப்பின வீரர்களின் பெயர்கள் அங்கே ஏறியது 1980களின் தொடக்கத்தில்தான். 80 வருடத்துக்கும் மேல் இந்தச் சின்னம் அவர்கள் பெயர் இல்லாமலே நின்றிருக்கிறது. நம் ஊர் நடுகல்லில், விழுந்தவன் மாடு மீட்கப் போன சாதாரண ஆளாக இருந்தாலும் அவன் பெயரைத்தானே வெட்டினார்கள்.

இந்தச் சின்னத்துக்கான முயற்சியை 1865இலேயே தொடங்கியவர் ஜோஷுவா போவன் ஸ்மித் என்ற கறுப்பினத்தவர் என்பதையும் ரேஞ்சர் சொன்னார். பாஸ்டனில் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுக்கும் தொழில் செய்தவர், ஷா குடும்பத்தில் முன்பு வேலை பார்த்தவர். அவர் பார்க்க இது முடியவில்லை.

அந்த 64 பெயர்கள் முன் நின்றபோது இன்னொன்று மனதில் பட்டது. முன்பக்கம் இருக்கிற முகங்கள் நியூயார்க்கில் கூலிக்கு உட்கார்ந்தவர்களுடையவை. பின்பக்கம் இருக்கிற பெயர்கள் மோரிஸ் தீவில் செத்தவர்களுடையவை. அந்த முகங்களின் பெயர் நமக்குத் தெரியாது, அந்தப் பெயர்களின் முகம் சிற்பத்தில் இல்லை. நடுவில் ஒரு கல் சுவர். முகமும் பெயரும் சேர்ந்தே கிடைத்தவர் கர்னல் ஒருவர்தான். அவர் மேல் எனக்குக் குறையில்லை, அவரும் அந்தக் குழியில்தான் கிடந்தார். ஆனால் இதை யாராவது சொல்லிக் கொடுக்காவிட்டால் முன்பக்கம் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவோம், நான் ஆறு வருடம் போனது போல. அதனால்தான் ரேஞ்சரோடு போங்கள் என்கிறேன்.

நடையின் மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மலையின் மறுபக்கம் அன்றைக்குச் சுதந்திரக் கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்கள். பிலிப்ஸ் தெருவில் லூயிஸ் ஹேடனின் வீடு, கென்டக்கியில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர், தப்பி வந்த மற்றவர்களுக்கு அந்த வீட்டில் அடைக்கலம் கொடுத்தவர். பிடிக்க ஆள் வந்தால் வீட்டையே வெடிவைத்துத் தகர்த்துவிடுவேன் என்று மிரட்டி அனுப்பினார் என்று சொல்கிறார்கள். 54ஆவது படைக்கு ஆள் சேர்த்ததிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, அவருடைய சொந்த மகன் கடற்படையில் சேர்ந்து அதே போரில் இறந்தான். வீடு இப்போது தனியார் குடியிருப்பு, வெளியே நின்றுதான் பார்க்க முடியும். கடைசியில் 1806இல் கட்டிய ஆப்பிரிக்கன் மீட்டிங் ஹவுஸ், உள்ளே அருங்காட்சியகம், அதற்கு மட்டும் டிக்கெட் உண்டு. 54ஆவது படைக்கு ஆள் சேர்க்கக் கூட்டம் நடந்த மண்டபம் அது. தேய்ந்துபோன பழைய மரத்தரை மேல் நடக்கும்போது அந்த டிக்கெட் காசு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

வாஷிங்டனில் இருப்பதை ஒப்பிடாமல் விட முடியாது, போன வருடம் வேலையாகப் போனபோது பார்த்தேன். யூ தெரு மெட்ரோ நிலையத்தில் நகரும் படியில் ஏறி வெளியே வந்தால் நேர் எதிரே ஆப்பிரிக்க அமெரிக்க உள்நாட்டுப் போர் நினைவிடம். எட் ஹாமில்டன் செய்த வெண்கலச் சிற்பம், 1998 ஜூலை 18 அன்று, அதாவது வாக்னர் கோட்டை நாளன்றே திறந்தார்கள். சுற்றிலும் உலோகப் பலகைகளில் 2,09,145 பெயர்கள், படைப்பிரிவு வாரியாக. அந்தப் போரில் வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் சேர்ந்தார்கள், கடற்படையில் இன்னும் 19,000 பேர், ஏறக்குறைய 40,000 பேர் உயிரோடு திரும்பவில்லை, அதில் பெரும்பங்கு நோயில் போனவர்கள். அந்த எண்ணிக்கையெல்லாம் படிக்கும்போது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. அந்தப் பலகைகளின் முன்னால் ஒரு பாட்டி தன் பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு விரலால் ஒரு வரியைத் தேடியதைப் பார்த்தபோது அப்படி இல்லை. சிற்ப வேலையில் பாஸ்டனுக்கு அது நிகர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கள் குடும்பத்துப் பெயரைத் தேடி வருகிறவர்களுக்கு வாஷிங்டன்தான் உண்மையான நினைவிடம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பாஸ்டன் சின்னத்தை 2020-21இல் முழுவதுமாகக் கழற்றிப் பழுது பார்த்தார்கள், சுமார் 30 லட்சம் டாலர் செலவு, 2022 ஜூன் 1 அன்று விழா எடுத்து மறுபடி அர்ப்பணித்தார்கள். வெண்கலம் இப்போது தெளிவாக இருக்கிறது, பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு வித்தியாசம் தெரியும். வார நாள் காலையில் போங்கள். பத்து மணிக்கு மேல் சுற்றுலாக் கூட்டமும் தெருவில் வண்டிச் சத்தமும் சேர்ந்து ரேஞ்சர் சொல்வது பின்வரிசைக்குக் கேட்காது, எங்களுக்கே சில இடங்களில் தவறிப்போனது. குழந்தைகளைக் கூட்டிப் போகலாம், எட்டு வயதுக்கு மேல் என்றால் கதை புரியும். சின்னம் தெருவோரத்திலேயே இருப்பதால் இரவோ பகலோ எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், டிக்கெட் எதுவும் இல்லை.

எனக்கு இந்த நடை ஐந்துக்கு ஐந்து. சின்னத்துக்கும் ஐந்துதான் கொடுப்பேன், அந்த 64 பெயர்களும் அதில் இருப்பதால்.

கடைசியாக வழி. பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கினால் எல்லோரும் தெருவோடு ஏறிப் போய்ச் சிற்பத்தின் முன்னால் நிற்பார்கள். நீங்கள் அப்படிப் போகாதீர்கள். பாஸ்டன் காமன் பூங்காவுக்குள் நடந்து, புல்வெளிப் பக்கமிருந்து மேட்டை நோக்கி வாருங்கள். சின்னத்தின் முதுகுதான் முதலில் தெரியும். அங்கே நின்று பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள், 64 பேரைப் படிக்க மூன்று நான்கு நிமிடம் போதும். அப்பா எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தார், அவருக்கு ஆறு நிமிடம் ஆனது. அப்புறம் பக்கத்துப் படியில் ஏறி முன்பக்கம் வாருங்கள்.